இளகும் உறைநிலம்: எந்த நாட்டின் கணக்கிலும் வராத கார்பன்

2020 மே 29. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, சைபீரியாவின் வடக்கில் இருக்கிறது நோரில்ஸ்க் நகரம். அங்குள்ள அனல் மின்நிலையத்தின் டீசல் தொட்டியைத் தாங்கி நின்ற தூண்கள் திடீரெனக் கீழிறங்கின. தொட்டி உடைந்தது. ஏறத்தாழ 21 ஆயிரம் டன் டீசல் மண்ணிலும் ஆற்றிலும் கலந்தது. அம்பர்னயா ஆறு செக்கச்செவேலென்று ஓடியதைச் செயற்கைக்கோள் படங்களிலேயே பார்க்க முடிந்தது. சமூக வலைதளங்களைப் பார்த்துத்தான் அரசுக்கே விஷயம் தெரிய வேண்டுமா என்று காணொலிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதிகாரிகளை வறுத்தெடுத்தார் ரஷ்ய அதிபர் புதின்.

தொட்டிக்குக் கீழே இருந்த உறைந்த மண் இளகியதுதான் காரணம் என்றது நிறுவனத் தரப்பு. தொழில்துறைப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமோ, கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் இருந்த குறைகளை எடுத்துவைத்தது. பருவநிலை மாற்றத்தைச் சொல்லிக் கை கழுவுவது எல்லா நாட்டு நிறுவனங்களுக்கும் வசதியான வேலை. கடைசியில் 14,600 கோடி ரூபிள் அபராதம் விதிக்கப்பட்டது, நிறுவனம் கட்டியது.

டீசல் கொட்டினால் கண்ணுக்குத் தெரிகிறது, நாற்றம் அடிக்கிறது, அபராதம் போட ஓர் ஆள் கிடைக்கிறார். ஆனால், அதே வடக்கு மண் இளகும்போது இன்னொரு கசிவும் நடக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது எந்த நிறுவனத்தின் பொறுப்பும் இல்லை, எந்த நாட்டின் கணக்கிலும் எழுதப்படுவதும் இல்லை. புவி வெப்பமாதலைப் பற்றிப் பேசும்போது நிலக்கரி, பெட்ரோல், மாட்டின் ஏப்பம் வரை வந்துவிடுகிற பட்டியலில், இந்தக் கசிவு மட்டும் அடிக்குறிப்பிலேயே நின்றுவிடுகிறது.

பனி அல்ல, மண்

பெர்மாஃப்ராஸ்ட் என்று ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழ் ஊடகங்கள் ‘நிரந்தர உறைபனி’ என்று எழுதுகின்றன. கேட்டதும் பனிமலையோ பனிப்பாறையோதான் மனதில் வருகிறது. உண்மையில் இது மண். மண், மணல், கல், மக்காத வேர், இலை, செத்த விலங்கு எல்லாம் பனியால் ஒட்டப்பட்டுக் கிடக்கும் நிலம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் எந்த நிலமும் இந்த வகைக்குள் வரும். ‘உறைநிலம்’ என்று சொன்னால் குழப்பம் குறையும். வட அரைக்கோளத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய கால் பங்குப் பகுதியில் இது காணப்படுகிறது. ரஷ்யாவில் நாட்டின் பாதிக்கும் மேல் இதுதான். அப்புறம் கனடா, அலாஸ்கா, திபெத்.

எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஃபியோதர் ஷெர்கின் என்பவர், 1820-களின் கடைசியில் குடிதண்ணீருக்காகக் கிணறு வெட்ட ஆரம்பித்தார். பத்தடி, நூறடி என்று போய்க்கொண்டே இருந்தார். உறைந்த மண் முடிந்தபாடில்லை. 1837 வாக்கில் சுமார் 116 மீட்டர் ஆழத்தில் வேலையை நிறுத்தும்போதும் கீழே உறைந்த மண்தான் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால், அந்தத் தோற்றுப்போன கிணற்றுக்குள் இறங்கி 1840-களில் அலெக்சாந்தர் மிடண்டார்ஃப் என்ற அறிவியலாளர் எடுத்த வெப்பநிலை அளவுகள்தான் உறைநில ஆய்வுக்கே தொடக்கம்.

இந்த நிலத்தின் மேல்பரப்பு ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் இளகும், குளிர்காலத்தில் திரும்ப உறையும். அதில்தான் புல்லும் பாசியும் குட்டை மரங்களும் வளர்கின்றன. அடியில் இருப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அசையாமல் கிடக்கிறது. பிரச்சினை, கோடையில் இளகும் அந்த அடுக்கு ஆண்டுக்கு ஆண்டு தடிமன் கூடுவதில் தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள வீட்டு ஃப்ரிட்ஜே போதும். இரண்டு நாள் வெளியூர் போயிருக்கும்போது கரன்ட் போய்விடுகிறது. ஃப்ரீசரில் ஐஸ் டிரேயும் இருக்கிறது, ஒரு கிலோ கறியும் இருக்கிறது. ஐஸ் உருகித் தண்ணீராகிவிடும். அதோடு அதன் கதை முடிந்தது. கறி உருகாது, இளகும். அதற்கப்புறம் கெட ஆரம்பிக்கும். கதவைத் திறந்தவுடன் வரும் நாற்றம், கிருமிகள் வேலையைத் தொடங்கிவிட்டன என்பதற்கான அறிவிப்பு. பனிப்பாறை உருகுவது ஐஸ் டிரே விவகாரம். கடல் மட்டம் உயரும். உறைநிலம் இளகுவது கறி விவகாரம்.

கரன்டைத் திரும்பப் போட்டால் கறி மறுபடியும் உறையும். ஆனால், கெட்டது கெட்டதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது?

குளிர்ப் பிரதேசத்தில் செடி செத்தால் மக்குவதற்கு நேரம் கிடைப்பதில்லை. மக்குவதற்குள் உறைந்துவிடும். அதன் மேல் அடுத்த ஆண்டுச் செடி, அதன் மேல் வண்டல், அதன் மேல் புழுதி. மம்மூத் யானைகள் மேய்ந்த காலத்துப் புல்வேர்கூட இன்னும் வேராகவே கிடைக்கிறது. இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமப் பொருளில் இருக்கும் கார்பன் சுமார் 1.5 லட்சம் கோடி டன். இன்றைக்கு வளிமண்டலத்தில் இருக்கும் மொத்த கார்பனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மண் இளகியதும் நுண்ணுயிரிகள் விழித்துக்கொண்டு இந்தப் பழைய சரக்கைத் தின்ன ஆரம்பிக்கின்றன. காற்றோட்டம் உள்ள இடமாக இருந்தால் கரியமில வாயு வெளியேறும். தண்ணீர் தேங்கிக் காற்று புகாத இடமாக இருந்தால் மீத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. 20 ஆண்டு அளவில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் சுமார் 80 டன் கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நூறாண்டு அளவில் அது 30 மடங்குக்குக் கொஞ்சம் கீழே. மீத்தேன் சீக்கிரம் சிதைந்துவிடுவதுதான் இந்த இறக்கத்துக்குக் காரணம்.

அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் குளிர்காலத்தில் ஏரிகள் மேலே உறைந்திருக்கும்போது, அடியிலிருந்து எழும் மீத்தேன் குமிழிகள் பனிக்கட்டிக்குள் வெள்ளைத் தட்டுகளாக அடுக்கடுக்காகச் சிக்கி நிற்கும். அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர் கேட்டி வால்டர் ஆன்தனி அந்தக் குமிழியில் ஓட்டை போட்டுத் தீக்குச்சியைக் காட்ட, ஆளுயரத்துக்குத் தீ எழும் வீடியோக்களை யூடியூபில் பார்க்கலாம். அந்த ஏரிகளில் பல, உறைநிலம் இளகி அமுங்கியதால் உருவான பள்ளங்களில் தண்ணீர் நின்று உண்டானவை. தேங்கிய தண்ணீர் வெப்பத்தைப் பிடித்துவைத்து அடியிலுள்ள மண்ணை இன்னும் இளக்கும். பள்ளம் பெரிதாகும். குமிழி கூடும்.

சில இடங்களில் மண்ணின் கனஅளவில் பாதிக்கும் மேல் வெறும் பனிக்கட்டி. அது உருகினால் நிலம் மெதுவாக இளகுவதில்லை, சரிந்து விழுகிறது. யாகுட்டியாவில் பதகாய் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பதகாய்கா பள்ளம் இதற்குப் பெயர் போனது. சோவியத் காலத்தில் காட்டை வெட்டியதால் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. அதிலிருந்து ஆரம்பித்த சரிவு இன்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிளந்து நிற்கிறது. அடியில் தெரியும் மண் அடுக்கு சுமார் 6.5 லட்சம் ஆண்டுப் பழையது. அந்த நிலம் இத்தனை பனியுகங்களையும் இடைவெளிக் கோடைகளையும் தாண்டி உறைந்தே இருந்தது. அதைத் திறந்துவிடக் கொஞ்சம் மரம் வெட்டியதே போதுமானதாக இருந்திருக்கிறது.

மரம் வெட்டாத இடத்தில் என்ன நடக்கிறது? அங்கே வேலையைக் காற்றின் வெப்பமே செய்கிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. நோரில்ஸ்க் விபத்து நடந்த அதே கோடையில், ஜூன் 20 அன்று, பூமியின் மிகக் குளிரான ஊர்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் வரும் வெர்கயான்ஸ்கில் 38 டிகிரி செல்சியஸ் பதிவானது. சென்னையில் அது சாதாரண மே மாத வெயில். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே பதிவான மிக அதிக வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பு பின்னர் அதை உறுதிசெய்தது.

சூட்டோடு காட்டுத்தீயும் சேர்ந்துகொள்கிறது. உறைநிலத்துக்கு மேலே இருக்கும் பாசிப் படுகை ஒரு கம்பளி மாதிரி. வெயில் கீழே போகாமல் தடுக்கும். தீ அந்தக் கம்பளியை எரித்துவிடுகிறது. அடுத்த கோடையிலிருந்து மண் நேராகச் சூடு வாங்கும்.

குண்டும் இல்லை, கட்டுக்கதையும் இல்லை

‘மீத்தேன் வெடிகுண்டு’, ‘பனிக்கடியில் டைம் பாம்’ மாதிரியான தலைப்புகள் பத்து, பதினைந்து ஆண்டுகளாகச் சுற்றுகின்றன. இன்னொரு பக்கம் ‘ஜாம்பி வைரஸ்’ வீடியோக்கள். வைரஸ் கதைக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2016 கோடையில் ரஷ்யாவின் யமால் பகுதியில் ஆந்த்ராக்ஸ் பரவி 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் செத்தன; 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். அங்கே 1941-க்குப் பிறகு அந்த நோய் வந்ததில்லை. இளகிய மண்ணிலிருந்து பழைய கிருமி வெளியே வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை 2007-ல் நிறுத்தியதும் சேர்ந்துதான் பாதிப்பைப் பெரிதாக்கியது. இருந்தாலும், உறைநிலத்திலிருந்து உலகத்துக்கு வரும் பெரிய ஆபத்து எது என்று கேட்டால், விடை கிருமி இல்லை. கிளிக் வாங்காத கார்பன்தான்.

எல்லா கார்பனும் ஒரேயடியாக வெடித்து வெளியே வரும் என்பதற்கும் அறிவியலில் இடமில்லை. மண் இளக நேரம் எடுக்கும், நுண்ணுயிரி தின்ன நேரம் எடுக்கும், இளகிய மண்ணில் புதிதாக முளைக்கும் செடிகள் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஐநாவின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தன் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையில் தரும் கணக்கு இது: உலகம் சூடாகும் ஒவ்வொரு 1 டிகிரிக்கும், 2100-க்குள் உறைநிலத்திலிருந்து கரியமில வாயுவாக வெளியேறக்கூடிய கார்பன் சுமார் 1,800 கோடி டன். கரியமில வாயு எடையில் சொன்னால் 6,600 கோடி டன். மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து இப்போது ஓர் ஆண்டில் வெளியேற்றுவது ஏறக்குறைய 4,000 கோடி டன்.

ஒன்றரை ஆண்டுச் சமாச்சாரம்தானே என்று தோன்றலாம். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் அண்மை ஆண்டறிக்கைகளின்படி, நாடுகளின் இப்போதைய கொள்கைகள் உலகத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது இந்த நூற்றாண்டின் முடிவில் 3 டிகிரியை ஒட்டி. அதற்கு உறைநிலத்தின் பங்கு தோராயமாக 20,000 கோடி டன் கரியமில வாயு. 80 ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட்டால் ஆண்டுக்கு 250 கோடி டன். இந்தியா இன்று நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாவற்றையும் எரித்து ஆண்டுக்கு வெளியிடுவது ஏறக்குறைய 300 கோடி டன். அதாவது, உலக வரைபடத்தில் இல்லாத இன்னொரு பெரிய நாடு, தொழிற்சாலையும் இல்லாமல் மக்களும் இல்லாமல் புகைவிட்டுக்கொண்டு இருக்கப்போகிறது. இந்தக் கணக்கில் மீத்தேன் சேரவில்லை. பதகாய்கா மாதிரி சரிந்து விழும் இடங்களும் பெரும்பாலான கணினி மாதிரிகளில் சரியாகச் சேரவில்லை. அப்படிப்பட்ட திடீர்ச் சரிவு உறைநிலப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் நடக்கும் என்றாலும், மொத்தக் கார்பனில் ஏறக்குறைய பாதி அப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது என்று 2020-ல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் மெரிட் டுரெட்ஸ்கி குழுவினர் எழுதினார்கள்.

ஐபிசிசி சொல்லும் அந்த 1,800 கோடி டன்னுக்கும் இரு பக்கமும் பெரிய இடைவெளி உண்டு: குறைந்தபட்சம் 310 கோடி, அதிகபட்சம் 4,100 கோடி. இத்தனை அகலமான இடைவெளியைப் பார்த்து, இன்னும் நிச்சயமில்லை, பிறகு பார்க்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் எடுப்பவர் யாரும் அப்படி யோசிப்பதில்லை. எவ்வளவு செலவாகும் என்று தெரியாத ஆபரேஷனுக்குத்தான் பாலிசி எடுக்கிறார்கள்.

கசிவு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டதா? அமெரிக்காவின் நோவா அமைப்பு 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆர்க்டிக் அறிக்கை அதற்குப் பதில் சொன்னது. காட்டுத்தீயில் வெளியேறுவதையும் சேர்த்துப் பார்த்தால், பல்லாயிரம் ஆண்டுகளாகக் கார்பனை வாங்கி வைத்துக்கொண்டிருந்த ஆர்க்டிக் துந்த்ரா சமவெளி, இப்போது கார்பனை வெளியேவிடும் இடமாக மாறிவிட்டது. செடிகள் வேகமாக வளர்ந்து உறிஞ்சிய பிறகும் கணக்கு மைனஸில்தான் நிற்கிறது.

சரி, பில் யாருக்கு?

பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் ஒவ்வொரு நாடும் தன் உமிழ்வுக் கணக்கை ஐநாவிடம் கொடுக்கிறது. அந்தக் கணக்குக்கு ஒரு விதி இருக்கிறது. நிலத்திலிருந்து வரும் உமிழ்வில், மனிதர்கள் பயன்படுத்தும், பராமரிக்கும் நிலத்தில் நடப்பதை மட்டும் எழுதினால் போதும். ஆள் இல்லாத துந்த்ராவில் தானாக வெளியேறுவது ‘இயற்கை’. அது ரஷ்யாவின் கணக்கிலும் வராது, கனடாவின் கணக்கிலும் வராது, அமெரிக்காவின் கணக்கிலும் வராது.

விதி எழுதியவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது. மனிதர் செய்யாத தவறுக்கு ஒரு நாட்டை எப்படிக் குற்றம் சொல்வது? எரிமலைக்கு இந்தோனேசியா பொறுப்பேற்க முடியுமா? ஆனால், துந்த்ரா இளகுவது எரிமலை மாதிரி இல்லை. இருநூறு ஆண்டுகளாக வெளியேறிய புகைதான் அந்த மண்ணைச் சூடாக்கியது. மண் ரஷ்யாவுடையது, சூடு பாதி உலகத்துடையது. கார்பனை ரஷ்யாவின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அதே சமயம் யார் தலையிலும் கட்டாமல் விடுவதும் நியாயமில்லை. இந்த இழுபறியில், வசதியான முடிவு ஒன்று தானாக எடுக்கப்பட்டுவிட்டது. யாரும் எழுதுவதில்லை.

வளிமண்டலத்துக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. வெர்கயான்ஸ்கில் வெளியேறும் கரியமில வாயு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் உலகம் முழுக்கக் கலந்துவிடும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இது புரியும். கையில் இவ்வளவு மிச்சம் இருக்கிறது, இன்னும் இவ்வளவு செலவு செய்யலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும்போது, எப்போதோ ஒப்புக்கொண்ட ஆட்டோ டெபிட் ஒன்று ஓசைப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 1.5 டிகிரிக்குள் நிற்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருக்க வேண்டும் என்றால், 2020 தொடக்கத்திலிருந்து உலகம் இன்னும் வெளியேற்றக்கூடிய கரியமில வாயு 50,000 கோடி டன்தான் என்று ஐபிசிசி சொல்லியிருந்தது. ஆண்டுக்கு 4,000 கோடி வீதம் அதில் பெரும்பகுதி ஏற்கெனவே காலி. 2050-ல் ‘நெட் ஜீரோ’, 2060-ல் ‘நெட் ஜீரோ’, 2070-ல் ‘நெட் ஜீரோ’ என்று நாடுகள் தேதி குறித்திருக்கின்றன. அந்தத் தேதிக்கு எல்லா புகைபோக்கியும் நின்றாலும், இளகிய மண்ணுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேராது. நூற்றாண்டுக் கணக்கில் அது கசிந்துகொண்டிருக்கும் என்பதிலும், போன கார்பனைத் திரும்ப மண்ணில் சேர்க்க அதைவிட அதிகக் காலம் ஆகும் என்பதிலும் அறிவியலாளர்களிடம் கருத்து வேறுபாடு இல்லை.

ஆகவே, நாடுகள் தங்கள் ‘நெட் ஜீரோ’வை ஜீரோவில் நிறுத்தினால் போதாது. உறைநிலம் கசியவிடும் அளவுக்குக் கூடுதலாக யாராவது காற்றிலிருந்து எடுத்தாக வேண்டும். அது யார், எந்த விகிதத்தில் என்ற கேள்வி எந்தப் பருவநிலை மாநாட்டிலும் இன்னும் நேராக மேஜைக்கு வரவில்லை. முதலில் தனிப் பத்தியாகவாவது அந்த எண்ணை உலகக் கணக்கில் எழுத வேண்டும். எழுதாத கடனைப் பங்கு பிரிக்க முடியாது.

அளக்கவே ஆள் இல்லை

எழுதுவதற்கு முதலில் அளக்க வேண்டும். உறைநிலத்தின் மிகப் பெரிய பங்கு ரஷ்யாவில் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஆர்க்டிக் கவுன்சிலின் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. மேற்கத்திய ஆய்வு நிறுவனங்கள் ரஷ்ய நிலையங்களோடு வைத்திருந்த தொடர்பு அறுந்தது. சைபீரியாவில் கருவிகள் இருக்கலாம், அளவுகளும் எடுக்கப்படலாம், வெளியே வருவதில்லை. ரஷ்ய நிலையங்களை விட்டுவிட்டு மீதியை வைத்து ஆர்க்டிக்கைக் கணித்தால் படமே கோணலாகிவிடுகிறது என்று 2024 தொடக்கத்தில் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஒரு நோயாளியின் உடம்பில் பாதியை மட்டும் ஸ்கேன் எடுப்பதற்குச் சமம். போருக்குத் தடைகள் போட்ட நாடுகளின் காரணங்கள் நியாயமானவைதான். ஆனால், பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும் அமெரிக்க, சோவியத் அறிவியலாளர்கள் ஒன்றாக வேலை செய்ய வழி கண்டுபிடித்தார்கள் என்பதையும் மறக்க வேண்டியதில்லை. எண்களை மட்டுமாவது பரிமாறிக்கொள்ளத் தனி ஏற்பாடு செய்வது, எந்தப் பக்கத்துக்கும் ராணுவ ரகசியம் கொடுப்பதாகாது.

மேலே வாழ்கிறவர்கள்

கார்பன் கணக்கு ஒரு பக்கம் இருக்க, அந்த நிலத்தின் மேலேயே வீடு கட்டி வாழ்பவர்களுக்கு இது நாளைய பிரச்சினை இல்லை. அலாஸ்காவில் யூப்பிக் பழங்குடிகளின் நியூடாக் கிராமம், உறைநிலம் இளகி ஆற்றங்கரை அரித்துக்கொண்டே வந்ததில் இருக்க முடியாத இடமானது. சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி மெர்டார்விக் என்ற இடத்தில் புது ஊர் கட்டினார்கள். 2019-ல் முதல் குடும்பங்கள் போயின; 2024-ல்தான் கடைசிக் குடும்பங்கள் போய்ச் சேர்ந்தன. சில நூறு பேர் கொண்ட ஒரு கிராமம் இடம் மாறப் பேச்சுவார்த்தை, நிதி, கட்டுமானம் எல்லாம் சேர்த்துப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. யாகுட்ஸ்க் நகரத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உறைநிலத்தின் மேல் வாழ்கிறார்கள். அவர்களை எங்கே மாற்றுவது?

பொறியாளர்களிடம் பதில் இல்லாமல் இல்லை. யாகுட்ஸ்கில் அடுக்குமாடிகளைத் தூண் மேல் தூக்கிக் கட்டுகிறார்கள். கட்டடத்தின் சூடு மண்ணுக்கு இறங்காமல் நடுவில் குளிர்காற்று ஓடும். 1977-ல் திறக்கப்பட்ட அலாஸ்கா எண்ணெய்க் குழாய், 1,287 கிலோமீட்டரில் பாதிக்கும் மேல் தரைக்கு மேலே தூண்களில் போகிறது. மண்ணின் சூட்டை உறிஞ்சி மேலே விடும் சிறப்புக் குழாய்கள் லட்சத்துக்கும் மேல் அந்தத் தூண்களில் பொருத்தப்பட்டிருக்கின்றன. 2006-ல் லாசாவரை ரயில் விட்ட சீனாவும் உறைநிலப் பகுதியில் இதே உத்தியைப் பயன்படுத்தியது. எண்ணெய் ஓடுவதற்காக மண்ணை உறைய வைத்திருப்பது, அந்த எண்ணெயை எரித்து மண்ணை இளக வைப்பது என்று அலாஸ்காவில் இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்கிறது.

ஆனால், இந்தக் குழாய்களால் ஒரு பாலத்தைக் காப்பாற்றலாம், ஒரு மின்நிலையத்தைக் காப்பாற்றலாம். லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் சமவெளிக்கு யாரும் குழாய் நட முடியாது. ரஷ்யாவின் செர்ஸ்கி ஊருக்குப் பக்கத்தில் செர்கேய் ஜிமோவ் என்ற அறிவியலாளர் 1990-களிலிருந்து குதிரை, காட்டெருமை, கலைமான்களை மேயவிட்டு ஒரு பரிசோதனை நடத்திவருகிறார். பனிப்போர்வை ஒரு மெத்தை மாதிரி, குளிர் மண்ணுக்குள் இறங்காமல் தடுக்கிறது. விலங்குகள் மிதித்து அதை அமுக்கினால் குளிர்காலக் குளிர் உள்ளே போய் மண் நன்றாக உறையும் என்பது அவர் வாதம். சில சதுர கிலோமீட்டரில் அது வேலை செய்கிறது. சைபீரியா முழுக்க நிரப்ப அவ்வளவு விலங்குகளுக்கு எங்கே போவது என்பதற்குப் பதில் இல்லை.

இந்தியாவுக்கும் சொந்த உறைநிலம் உண்டு, இமயமலையின் உயரங்களில். 2023 அக்டோபர் தொடக்கத்தில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து, டீஸ்டா-3 அணையை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கலாம். 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏரியின் கரையில் உறைந்து நின்ற மண்மேடு ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் விழுந்து பேரலை எழுப்பியதுதான் ஆரம்பம் என்று 2025-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு விவரித்தது. இமயத்தின் உறைநிலத்தில் இருக்கும் கார்பன் சைபீரியாவோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால், மலைச்சரிவில் உறைந்த மண் இளகினால் முதலில் இறங்குவது வாயு இல்லை, மலையே.

அரை டிகிரிக்கு என்ன மதிப்பு?

1.5 டிகிரி இலக்கு கைநழுவிப் போகிறது என்ற செய்திகள் வரும்போதெல்லாம், இனி என்ன செய்து என்ன என்ற சலிப்பும் கூடவே வருகிறது. 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டாகவும் ஆகிவிட்டது. உறைநிலத்தைப் பொறுத்தவரை, இந்தச் சலிப்புக்கு எதிரான கணக்கு ஒன்று ஐபிசிசியின் 2018 சிறப்பு அறிக்கையில் இருக்கிறது. உலக வெப்ப உயர்வு 2 டிகிரிக்குப் போகாமல் 1.5 டிகிரியில் நின்றால், வரும் நூற்றாண்டுகளில் இளகாமல் தப்பிக்கும் உறைநிலத்தின் பரப்பு 15 லட்சம் முதல் 25 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்தப் பரப்பு சுமார் 33 லட்சம்.

அரை டிகிரிக்கு இவ்வளவு என்றால், கால் டிகிரிக்கும் விலை இருக்கிறது. 1.5 தவறினால் அடுத்த நிறுத்தம் 2 இல்லை; 1.6, 1.7 என்று ஒவ்வொரு இடத்திலும் இறங்க வழி உண்டு. ஐபிசிசியின் ஏழாவது மதிப்பீட்டு அறிக்கைக்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆறாவது அறிக்கைக்குப் பயன்பட்ட பெரிய கணினி மாதிரிகளில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில்தான் உறைநிலக் கார்பன் நேரடியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. இந்த முறை அதிக மாதிரிகளில் அது சேரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அறிவியல் அறிக்கையில் சேரும் எண்ணை, நாடுகள் தங்கள் அடுத்த உமிழ்வுக் குறைப்புத் திட்டத்திலும் சேர்ப்பார்களா என்பது பேச்சுவார்த்தை மேஜையில் முடிவாக வேண்டிய விஷயம்.